பல்சக்கரத்துக்கு வைத்த பொட்டு

மாதையனுக்கு வேலை சுத்தம், கணக்கு சுத்தம், கைராசியும் உண்டு. வாய்தான் எதிரி. அந்த வாயால்தான் அரூர்ச் சந்தையில் அத்தனை பேர் நடுவில் போய் மாட்டிக்கொண்டான்.

அவனுக்கு இருந்தது ஒரே ஒரு பஸ். அரூரிலிருந்து பொம்மிடி ரயிலுக்கு ஆள் ஏற்றிப்போகும், ரயிலில் இறங்கியவர்களை ஏற்றிவரும். முப்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில் அது இருமத் தொடங்கியது. மேடு வந்தால் நின்றுகொண்டு, எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தான். வால்வுகளை நேரத்துக்குத் திறக்கிற கேம்ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. அவற்றை மூடுகிற ஸ்பிரிங்குகள் தொய்ந்திருந்தன. சேலத்தில் விசாரித்தால் ஒரு மாசம் ஆகும் என்றார்கள்.

"எதுக்குங்க சேலம்? எங்க வூட்டுக் கொல்லையிலயே நான் மாத்தறேன்" என்றான் மாதையன். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். இரண்டு பஸ் வைத்திருந்த முனிராஜ் பக்கத்தில் நின்று சிரித்தார். இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "விஜயதசமி அன்னிக்குப் பதினோரு மணி ரயிலுக்கு என் வண்டி பொம்மிடியில நிக்கும். நிக்கலேன்னா வண்டியை நீங்களே எடுத்துக்கங்கண்ணே!"

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா" என்றார் முனிராஜ். அவர் அந்த வண்டியை மூன்று தடவை விலைக்குக் கேட்டவர். இப்போது சும்மாவே கிடைக்கும்போல் இருந்தது.

மெட்ராஸிலிருந்து புதுக் கேம்ஷாஃப்ட்டும் பன்னிரண்டு ஸ்பிரிங்கும் ரயில் பார்சலில் வந்து இறங்கின. அவற்றை மாட்டுகிற ஆயுதங்கள் யார் வீட்டில் இருக்கின்றன? மாதையனிடம் இருந்தது நாலு ஸ்பேனர், ஒரு சுத்தியல், நுனி மழுங்கிய ஒரு திருப்புளி. ஆயுதம் பொறுக்குவதிலேயே பத்து நாள் ஓடியது. எஞ்சினின் தலைப்பாகத்தைத் தூக்கக் கிணற்று ராட்டினத்தைக் கழற்றினான். போல்ட்டுகள் கலந்துபோகாமல் இருக்க அஞ்சறைப்பெட்டியைக் கவிழ்த்து எடுத்துப்போனான். அன்றைக்குக் குழம்பு தாளிப்பில்லாமல் கொதித்தது. அவன் பெண்டாட்டி பாஞ்சாலி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

ஸ்பிரிங்குதான் படுத்தி எடுத்தது. அதை அமுக்கிப் பிடித்தால்தான் தலையில் இருக்கிற சின்னப் பூட்டைக் கழற்ற முடியும். கடப்பாரையால் அமுக்கினான். முதல் ஸ்பிரிங்கு எகிறிப்போய் முருங்கை மரத்தில் அடித்தது. இரண்டாவது நேராக மாட்டுத் தொட்டியில் விழுந்தது. மாடு அன்று முழுக்க அந்தத் தொட்டியில் வாய் வைக்கவில்லை.

சோர்ந்துபோய் அடுப்படிக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பாஞ்சாலி சந்தகை அச்சில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். மேலே இருக்கும் திருகைச் சுற்றச் சுற்ற, இரும்புத் தண்டு மெதுவாக இறங்கி, அலுங்காமல் மாவை அமுக்கியது.

"ஏ புள்ள, அதை இப்பிடிக் குடு!"

"உள்ள மாவு இருக்குதுங்க! இது எங்கம்மா வூட்டுச் சீரு. மண்ணெண்ணெய்க் கையோட கிட்ட வராதீங்க, சொல்லிட்டேன்."

"பஸ்ஸே போயிடும்டி. உனக்குச் சந்தகை பெருசாப் போச்சா?"

பாஞ்சாலி யோசித்தாள். "சரி, தரேன். ஆனா வண்டி ஓடுச்சுன்னா முன் சீட்டுல பொம்மிடி வரைக்கும் நான் வருவேன்."

டிரைவர் பக்கத்து முன் சீட்டுக்கு இரட்டைக் கட்டணம். தாலுகா ஆபீஸ்காரர்களும் வியாபாரிகளும் சண்டை போட்டுக்கொண்டு உட்காருகிற இடம் அது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில், சொந்த பஸ்ஸில் பாஞ்சாலி உட்கார்ந்ததெல்லாம் கடைசியில், கோழிக்கூடைகளுக்கு நடுவில்தான். "முன் சீட்டா? பாக்கலாம்" என்று இழுத்தான்.

"அப்ப கடப்பாரையே வெச்சுக்கங்க."

"சரி தாயே, சரி!"

கொல்லன் ராஜப்பன் திருகின் அடியில் பொருந்துகிற மாதிரி ஒரு கிண்ணத்தை அடித்து, பூட்டை எடுக்கப் பக்கத்தில் ஒரு சன்னலும் வெட்டிக் கொடுத்தான். பன்னிரண்டு ஸ்பிரிங்கும் ஒரே நாளில் மாறின. ஒன்றுகூட எகிறவில்லை. மாதையன் கொல்லையிலேயே ஒரு குதி குதித்தான்.

மிச்சம் இருந்தது கேம்ஷாஃப்ட். அதன் முனையில் ஒரு பெரிய பல்சக்கரம், எஞ்சினில் ஒரு சின்னப் பல்சக்கரம். இந்தப் பல் இந்த இடைவெளியில்தான் உட்கார வேண்டும் என்று கணக்கு உண்டு. ஒரு பல் தப்பினால் வண்டி கிளம்பாது. மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான். கம்பெனிக்காரன் புள்ளி வைத்துத்தான் அனுப்பியிருந்தான். ஆனால் முன்னே பிரித்த புண்ணியவான்கள் ஆளுக்கொரு புள்ளி தட்டிவைத்திருந்தார்கள். அதனால் கழற்றும் முன்பே மாதையன் தன் அடையாளத்தை வைத்தான். சாக்குக்கட்டி எண்ணெயில் நிற்காது. கரி, இரும்பில் தெரியாது. பூஜை மாடத்துக் குங்குமத்தை எடுத்து விளக்கெண்ணெயில் குழைத்து, சின்னச் சக்கரத்தில் ஒரு பல்லுக்கும், பெரிய சக்கரத்தில் அதற்கு இரண்டு பக்கமும் இருந்த பற்களுக்கும் பொட்டு வைத்தான். பாஞ்சாலியிடம் சொல்லவில்லை. அஞ்சறைப்பெட்டிக்கே அவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டவன், குங்குமத்துக்கு எப்படி வாய் திறப்பான்?

புதுக் கேம்ஷாஃப்ட்டை எஞ்சினில் செருகி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அதன் முனையில் பழைய சக்கரத்தை மாட்டுவது மட்டும் பாக்கி. மறுநாள் ஆயுத பூஜை. விடிந்ததும் பாஞ்சாலி கூடையோடு வந்து ஸ்பேனர், சுத்தியல், சக்கரம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனாள்.

"ஒரு சக்கரம் மாட்டறதுதான் புள்ள பாக்கி."

"சாமிகிட்ட வெச்ச ஆயுதத்தை இன்னிக்குத் தொடுவீங்களா?"

தொடமாட்டான். அவனுக்கும் பயம் உண்டு. நாள் முழுக்கப் பொரியை மென்றுகொண்டு, செவ்வந்தி மாலைக்குள் மறைந்துகிடந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விஜயதசமி. விடிகாலையில் கற்பூரம் காட்டிப் பூஜையை எடுத்தார்கள். வாசலில் மணிச்சத்தம் கேட்டது. முனிராஜ் இரண்டு ஜோடி மாடும் ஒரு பெரிய கயிறுமாக வந்து நின்றார். "அவசரமில்ல மாதையா. வண்டியை இழுத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

மாதையன் அவரைச் சட்டை செய்யாமல் மாலையை விலக்கினான். சக்கரத்தின் ஐம்பது பற்களிலும் பொட்டு! எஞ்சினுக்கு ஓடினான். அங்கே சின்னச் சக்கரத்திலும் ஒரு பல் பாக்கியில்லாமல் சிவப்பு.

"அடிப்பாவி! நான் அடையாளத்துக்கு வெச்ச பொட்டு எதுன்னு இனி எப்பிடித் தெரியும்? யாரு உன்னைப் பல்லுக்குப் பல்லு பொட்டு வைக்கச் சொன்னா?"

"ஒண்ணை விட்டா குத்தமில்லையா? நம்மளுக்குச் சோறு போடற சக்கரம்!"

முனிராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாதையனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருஷச் சம்பாத்தியம் அந்த வண்டி. போச்சு, எல்லாம் போச்சு. ஆத்திரத்தில் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துச் சக்கரத்தைத் துடைக்கக் குனிந்தான். பாஞ்சாலி எட்டி அவன் கையைப் பிடித்தாள்.

"இருங்க! மாடத்துக் குங்குமத்தை எடுத்தது நீங்கதானா? எலி தள்ளிவிட்டிருக்கும்னு நான் எலிப்பொறி வெச்சேன்!"

"நான்தான், இப்ப அதுக்கென்ன?"

"நான் என்னிக்குங்க வெறுங்குங்குமம் வெச்சேன்? முதல்ல சந்தனம், அதுமேலதான் குங்குமம். மூணு பல்லுல மட்டும் முன்னாலயே பொட்டு இருந்துச்சு. யாரோ பக்தியா வெச்சிருக்காங்கன்னு அதை விட்டுட்டேன். சந்தனம் இல்லாததைப் பாருங்க."

மாதையன் குனிந்து பார்த்தான். பொட்டுகளைச் சுற்றி மஞ்சள் வளையம். ஒன்று, இரண்டு என்று விரலை நகர்த்திக்கொண்டே போனான். ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு பற்களில் வளையமே இல்லை. எஞ்சினுக்குள்ளும் அதேபோல் ஒரே ஒரு பல்.

சக்கரம் உட்கார்ந்தது, மூடி ஏறியது, ரேடியேட்டரில் தண்ணீர் நிறைந்தது. எட்டரை மணிக்குக் கிராங்கைப் போட்டுச் சுற்றினான். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் எஞ்சின் போட்ட உறுமலில் முனிராஜின் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த வழியே ஓட்டம் பிடித்தன. சத்தம் கேட்டு ரயிலுக்குப் போகிறவர்கள் கோழிக்கூடைகளோடு வந்து ஏறினார்கள்.

"வண்டி பொம்மிடி போய்ச் சேர்ந்தாத்தான் பேச்சு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, முனிராஜ் தன் வண்டிபோல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்துவிட்டு நிமிர்ந்த பாஞ்சாலி அதைப் பார்த்தாள். பின் படிக்கட்டுப் பக்கம் நடந்தாள்.

மாதையன் வண்டியை எடுக்கவில்லை. "அண்ணே, கொஞ்சம் இறங்குங்க. அந்த சீட்டுக்கு ஆள் இருக்குது."

"யாரு? தாசில்தாரா?"

"இந்த வண்டியை ஓட வெச்சவ" என்றான் மாதையன்.

முனிராஜ் கோழிக்கூடைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். முன் சீட்டில் ஏறிய பாஞ்சாலி புடவையைச் சரிசெய்துகொண்டு, சாலையை ஒரு தடவை, புருஷனை ஒரு தடவை பார்த்தாள். "போலாம்" என்றாள். எலுமிச்சை நசுங்கியது.