ஒத்திகை வீடு

சனிக்கிழமை எங்கள் வகுப்பு முழுவதும் என் தெருவுக்கு வருகிறது. அது என் தெரு என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால் ஆவடி என்பேன். ஒரு ஸ்டேஷன் தள்ளிச் சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்? உண்மையில் நான் ரயில் ஏறுவது அண்ணனூரில். அப்பா அங்கே பணிமனையில் ரயில் பெட்டி கழுவுகிறார். அம்மா அஞ்சலைக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. வேப்பம்பட்டில் இறங்கிக் கல்லூரிக்குள் நுழைந்ததும் என் வாய் தானாக டிவியில் செய்தி வாசிக்கிற தமிழுக்கு மாறிவிடும். இரண்டு வருடம் இப்படியே ஓட்டிவிட்டேன். இந்த செமஸ்டரில் 'சமூகத்தோடு கற்றல்' என்று ஒரு பாடம் வந்து என் பிழைப்பைக் கெடுத்தது. அதற்காக வகுப்பு விசாரிக்கப் போகிற இடம் எங்கள் தெரு.

அகல்யா மேடம் நல்லவர்தான். வீடு வீடாகப் போய்ப் பேசுவதற்கு முன்னால் பழகிக்கொள்ள வேண்டும் என்று வகுப்பிலேயே ஒரு வீடு போட்டார். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் இரண்டு நாற்காலி. ஒருவர் வீட்டுக்காரர், இன்னொருவர் விசாரிக்கப் போகிறவர்.

"கேள்வித்தாள் கையில இருக்கட்டும். ஆனா மொதல்ல மனுஷங்க மொகத்தைப் பாருங்க" என்றார்.

முதல் வீட்டுக்காரனாக வந்தவன் கிஷோர். கோயம்புத்தூர்க்காரன். அவன் அப்பாவுக்கு ஐ.டி. வேலை, காட்டுப்பாக்கத்தில் ஏழாவது மாடியில் ஃப்ளாட். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தள்ளாடியபடி வந்தான்.

"இன்னா நைனா, யார்ரா நீ? எங்கூட்டாண்ட உனுக்கு இன்னாடா வேலை?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். சத்தம் போடாதே என்று தனக்குத்தானே உதட்டில் விரல் வைத்துக்கொண்டான். பிறகு சுவரில் ஓர் இடத்தை அழுத்தினான், பக்கத்தில் அழுத்தினான், மறுபடியும் தடவித் தடவி அழுத்தினான். லிஃப்ட் பொத்தானாம், அவனே முனகினான். எங்கள் தெருவில் எவன் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது? அதுகூடத் தெரியாமல் எங்களை நடித்துக்காட்ட வந்துவிட்டானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பா குடிப்பது இருக்கட்டும், பீடியைக்கூடத் தொடாதவர்.

அடுத்து யார் என்று மேடம் கேட்டு முடிப்பதற்குள் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"கிஷோரே கேள்வி கேட்கட்டும் மேடம்."

அவன் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, கேள்வித்தாளோடு வந்து நின்றான். "வணக்கம்மா. நாங்க காலேஜ்ல இருந்து வர்றோம்."

அம்மா என் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"வா கண்ணு. இன்னாத்துக்கு வெயில்ல நின்னுகினு கீறே? உள்ள வந்து குந்து."

யாரோ சிரித்தார்கள். பிரமாதமாக நடிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அந்த வகுப்பில் நான் நடிக்காமல் பேசியது அதுதான் முதல் தடவை.

வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை என்று கேட்டான். சொன்னேன். அதற்கடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"உங்க வீட்ல யாராவது குடிப்பாங்களாம்மா?"

"எங்கூட்ல யாரும் இல்ல கண்ணு. உங்கூட்ல?"

குத்திக்காட்டத்தான் கேட்டேன். கொஞ்சம் நெளியட்டும் என்று. அவன் நெளியவில்லை. கையிலிருந்த தாளை மடித்தான்.

"எங்கப்பா குடிப்பாருங்க" என்றான். "தெனமும். லிஃப்ட்ல நம்பர் தெரியாம நின்னுட்டு இருப்பாரு. நான்தான் கீழ போயி கூட்டிட்டு வருவேன். அம்மா எந்திரிச்சிருவாங்கன்னு செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்குவாரு."

மேடம் பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவன் எங்கள் வீட்டை நடிக்கவே இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே வீட்டை நடித்திருக்கிறான், அதற்கு வகுப்பே சிரித்திருக்கிறது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

என் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. யார் என்ன கஷ்டத்தோடு வந்தாலும் அவளிடம் ஒரே கேள்விதான்.

"சாப்ட்டியா கண்ணு?"

இல்லை என்று தலையாட்டினான். ஒத்திகை முடிந்துவிட்டதா, நடக்கிறதா என்று இருவருக்குமே தெரியவில்லை.

"சனிக்கெழம வர்றீங்கல்ல, அப்ப எங்கூட்லயே சாப்டு. தண்ணி டேங்க் பக்கத்துல மூணாவது ஊடு, பச்ச கதவு." நாற்காலியிலிருந்து எழுந்தேன். "இது எங்கம்மா மாதிரி பேசறது இல்ல கிஷோர். நான்தான் பேசறேன். அது எங்கூடு."

மொத்த வகுப்பும் என்னைப் பார்த்தது. கிஷோர் மட்டும் சாதாரணமாகக் கேட்டான்.

"ஆவடின்னு சொன்னியே?"

"அதுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடி."

"பச்சைக் கதவா?"

"ஆமா. லிஃப்ட்லாம் கெடையாது. நேரா உள்ள வந்துடு."