ஒன்றும் செய்யாத சாமி

போன் அடித்தபோது மாதேஸ்வரி மூன்றாவது மாடிக் கழிப்பறையில் பினாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த அந்தப் போன் அவளுடையதல்ல, அஸ்ரிதாவுடையது. முட்டையை விட்டு நகராத கோழி மாதிரி மூன்று நாளாக அதைக் கட்டிக்கொண்டு திரிகிறாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். திரையில் ஓர் அம்மாளும், அந்த அம்மாள் மடியில் இரண்டு பல் தெரியச் சிரிக்கிற ஒரு குழந்தையும் இருந்தார்கள்.

அஸ்ரிதா ஜார்க்கண்டுக்காரி. மத்திகிரியில் இருக்கிற அந்த நாலு மாடி ஹாஸ்டலில் நூற்றெண்பது பெண்கள், எல்லாரும் ஜார்க்கண்டு, ஒடிசா. விடிவதற்குள் பஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்க் கம்பெனியில் கொட்டும், மதியம் திரும்ப இங்கே கொட்டும். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதுவாவது தொலையட்டும். ஆள் பிடித்து அனுப்புகிற ஏஜென்சிக்கு இன்னொரு சட்டம் உண்டு: கல்யாணமாகாத பெண்கள்தான் வேண்டும், குழந்தை குட்டி இருக்கவே கூடாது. ஏனாம்? பிள்ளை பெற்றவள் திருகு முடுக்கினால் திருகு கழன்று விழுந்துவிடுமா? கேட்க நாதியில்லை. அஸ்ரிதாவும் தனக்கு யாருமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் வந்தாள்.

அவளுக்குப் பிள்ளை இருப்பது அந்தக் கட்டடத்தில் மாதேஸ்வரி ஒருத்திக்குத்தான் தெரியும். ஜூலையில் வந்த புதிதில் ஒருநாள் கழிப்பறைக்குள் போன பெண் வெளியே வரவேயில்லை. மாதேஸ்வரி கதவைத் தட்டித் திறக்கவைத்துப் பார்த்தால், யூனிபாரத்தின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. உடம்பு காய்ச்சலில் கொதித்தது. மூன்று பெற்றவளுக்கு இதைத் தனியாக வேறு விளக்க வேண்டுமா? பஸ் ஸ்டாப்புக்கு ஓடிப்போய் நான்கு முழம் மல்லிகை வாங்கிவந்தாள். பூவை மாரோடு வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். பால் வற்ற அந்தப் பக்கத்துப் பெண்கள் செய்கிற வைத்தியம் அதுதான். மூன்று நாள் கட்டினாள். அறையில் மற்ற பெண்கள் வாசனை பிடித்துவிட்டு, அஸ்ரிதா யாருக்கோ பூ வாங்குகிறாள் என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். நான்காம் நாள்தான் அந்தப் பெண் போனில் படத்தைக் காட்டி, "ரோஷன்" என்றாள். ஒன்பது மாதக் குழந்தை.

இப்போது ரோஷனுக்கு ஒரு வயசும் இரண்டு மாதமும். மூன்று நாளாகக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அதனால்தான் போன் மாதேஸ்வரி இடுப்பில்.

எடுத்துக் காதில் வைத்தாள். "அலோ" என்று சொல்வதற்குள் அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. அஸ்ரிதாவின் அம்மாதான். அழுகைக்கு நடுவே என்னென்னவோ சொன்னாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ரோஷன் என்பதைத் தவிர. அந்தப் பெயரை மறுபடி மறுபடி இழுத்து இழுத்துச் சொன்னாள். மாதேஸ்வரி "ம்... ம்..." என்றாள். மகள்தான் கேட்கிறாள் என்று நினைத்து அந்தம்மா இன்னும் அழுதாள். பிறகு லைன் அறுந்துவிட்டது. மணி பதினொன்றேகால்.

சந்தோஷத்திலும் மனுஷர் அழுவார்கள்தானே, காய்ச்சல் விட்டிருக்கும், கண் திறந்திருப்பான், அந்த ஆனந்தத்தில் அழுதிருப்பாள். இப்படி வாளியைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே ஒரு பாட்டம் சொல்லிப்பார்த்தாள். நம்ப முடியவில்லை. எத்தனை சாவு வீட்டில் உட்கார்ந்து எழுந்தவள் அவள். அந்த இழுவையை எந்த ஊர்க்காரி அழுதாலும் தெரிந்துபோகும்.

ஆனாலும் நிச்சயமாகத் தெரியாதே! மாடியில் லீவில் இருந்த ஒடிசாப் பெண்களுக்கு இந்தி தெரியும். ஒருத்தியைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிடும். இருபதாவது நிமிஷத்தில் வார்டன் மேகலாவுக்கும் தெரிந்துவிடும். மேகலா கெட்டவள் இல்லை, ஆனால் ரூல்ஸ் என்று வந்துவிட்டால் தாய் பிள்ளை பார்க்கமாட்டாள். அப்புறம் அஸ்ரிதாவுக்கு இங்கே வேலை ஏது?

கம்பெனிக்கே போய்ச் சொல்லலாமா? என்னவென்று சொல்வது? உன் பிள்ளைக்கு இப்படி என்று ஆள் விட்டால், எந்தப் பிள்ளை என்று கேட்பார்கள்.

படியிறங்கிக் கேட்டுக்குப் போனாள். வாட்ச்மேன் வெங்கடப்பன் வீட்டில் தெலுங்கு பேசுவான், மாமனார் ஊரில் கன்னடம், கேட்டில் தமிழ். பெங்களூரில் பத்து வருஷம் இருந்ததில் இந்தியும் வரும். நாலு பாஷை இருந்து என்ன, நாக்கு ஒரு நிமிஷம் சும்மா இருக்காது.

"என்னாக்கா, மூஞ்சி செத்துப்போய்க்கீது?" என்றான்.

போன் உள்ளங்கையில் சுட்டது. கொடுத்துவிடலாம் என்று கை பாதி நீண்டேவிட்டது. "ஒண்ணுமில்லப்பா. தண்ணி லாரி வந்துச்சான்னு பாக்க வந்தேன்."

"காலையிலயே வந்துட்டுப் போச்சே! நீதானக்கா மோட்டர் போட்ட?"

"ஆமாமா, மறந்துட்டேன்" என்று திரும்பிவிட்டாள்.

சாப்பாட்டு ஹாலில் கிறிஸ்துமஸ் குடில் தயாராக நின்றது. அட்டைப்பெட்டிகளை வெட்டி அஸ்ரிதாதான் கட்டியிருந்தாள். வைக்கோல் மாதேஸ்வரி உபயம். அவள் புருஷன் கங்கப்பனுக்கு மாட்டுப் பண்ணையில்தான் கூலிவேலை, ஒரு கட்டு கொண்டுவரச் சொல்லியிருந்தாள். மாடு, ஆடு, தாய், தகப்பன் எல்லாரும் நின்றார்கள். நடுவில் வைக்கோல் மட்டும் காலியாக இருந்தது.

நேற்றுத்தான் கேட்டாள். "எல்லாரும் கீறாங்க, சாமிய எங்கடி காணோம்?"

"இன்னிக்கு இல்லே அக்கா. நாளைக்கு. நாளைக்குப் பொறக்கும்" என்றாள் அஸ்ரிதா. கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள். ஊரிலிருந்து கொண்டுவந்த மண் பொம்மை, உள்ளங்கை நீளம் இருக்கும். "கடவுள் மேல இருக்கலாம். நல்லா இருக்கும். ஆனா கீழ வந்துச்சு. நம்ம கூட."

"கூட வந்து என்னா பண்ணுச்சு?"

அஸ்ரிதா சிரித்துவிட்டாள். மூன்று நாளில் அன்றுதான் சிரித்தாள். முந்தின ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சின்ன பாப்பா அக்கா, என்ன பண்ணும்? அழும். பால் குடிக்கும். கூட இருக்கும்."

"நல்லாருக்குதுடி! எங்க முனீஸ்வரன் அருவாள ஓங்கிக்கினு நிப்பாரு. வேண்டிக்கினா செய்வாரு, செய்யலன்னா திட்டலாம். ஒண்ணுமே செய்யாத சாமிய வெச்சிக்கினு நீ என்னா பண்ணுவ?"

"தெரியல அக்கா" என்று அவள் அந்தக் கைக்குட்டையைத் திரும்பச் சுற்றிக்கொண்டாள்.

அந்தப் பிள்ளைக்காக முனீஸ்வரனுக்குச் சேவல் நேர்ந்திருந்தாள் மாதேஸ்வரி. இப்போது காலி வைக்கோலைப் பார்த்துக்கொண்டு, 'அருவா இருந்து என்னா கிழிச்ச? நீயுந்தான் ஒண்ணும் செய்யல' என்று மனசுக்குள் தன் சாமியை ஏசினாள். அதற்குமேல் அவளால் ஆனது ஒன்றுமில்லை. மூன்று மணி நேரம் கழுவின தரையையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

இரண்டே முக்காலுக்குப் பஸ் வந்தது. நாளைக்கு லீவு என்பதால் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினார்கள். பாதிப்பேர் தலையில் சிவப்புக் குல்லா. கடைசியில் இறங்கிய அஸ்ரிதா ஓடிவந்து கம்பெனியில் கொடுத்த கேக் பொட்டலத்தை மாதேஸ்வரி கையில் திணித்தாள். "உனக்கு. போன்?"

மாதேஸ்வரி போனை நீட்டினாள்.

"அம்மா பேசிச்சா?"

தலையாட்டினாள்.

"என்ன சொல்லிச்சு?"

"தெரியலடி கண்ணு. அழுதாங்க."

அஸ்ரிதாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மாதேஸ்வரி அவள் கையைப் பிடித்து விறுவிறுவென்று மூன்றாவது மாடிக்கு இழுத்துப்போனாள். கழிப்பறைக்குள் தள்ளி உள்பக்கம் தாழ்போட்டாள். அஸ்ரிதா நம்பரை அழுத்தினாள். அம்மா சொன்னதைக் கேட்டாள். ஏதோ ஒன்று கேட்டாள், பதில் வந்தது. பிறகு மெதுவாக, யோசித்து, இரண்டு மூன்று வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். சுவரோடு சரிந்து ஈரத் தரையில் உட்கார்ந்தாள். வாய் திறந்தது.

மாதேஸ்வரி பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள். பொத்தின கையைப் பார்த்து அவளுக்கே அருவருத்துப்போயிற்று. பெற்றவள் வாயைப் பொத்துகிற பாவி ஆகிவிட்டோமே! கையை எடுத்தாள். எழுந்துபோய் வரிசையாக இருந்த ஆறு குழாயையும் திறந்துவிட்டாள். தண்ணீர் வாளிகளில் தடதடவென்று விழுந்தது.

"இப்ப அழுடி. நல்லா அழு" என்றாள்.

அஸ்ரிதா அழுதாள். மாதேஸ்வரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். புடவை நனைந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. "யாரு உள்ள? தண்ணி இப்படிப் போகுதே!" மேகலாவின் குரல்.

"நாந்தான் மேடம். கழுவிக்கினு இருக்கேன்!"

"காலையிலேர்ந்து இதையேதான் கழுவுறீங்க!" என்று முணுமுணுத்தபடி செருப்புச் சத்தம் நகர்ந்தது.

வெகுநேரம் கழித்து அஸ்ரிதா பேசினாள். "அம்மா கேட்டுச்சு, நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்கவான்னு. ரயில் மூணு நாள். நான் வேணாம் சொன்னேன். அஞ்சரை மணிக்கு மண்ணுல வெப்பாங்க."

"மேடம்கிட்ட நான் சொல்லிடறேன். வேல போனா போவுது, நீ கெளம்பு."

"போனா அங்க யாரு இருக்கு அக்கா?" என்றாள் அவள். "இங்க வேலை இல்லேன்னா அம்மாவுக்கு யாரு?"

மாதேஸ்வரி குழாய்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

ஐந்து மணிக்கே பெண்கள் ஹாலில் கூடிவிட்டார்கள். சர்ச்சுக்கு வெளியே போக அனுமதியில்லை, அதனால் இங்கேயே ஜெபம். "அஸ்ரிதா தீதி, அஸ்ரிதா தீதி" என்று படியில் நின்று கத்தினார்கள். குடில் கட்டியவள்தான் குழந்தையை வைக்க வேண்டுமாம். தலைவலி என்று சொல்லிவிடு என்றாள் மாதேஸ்வரி. அஸ்ரிதா கேட்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு கைக்குட்டையோடு இறங்கிப்போனாள்.

மாதேஸ்வரி கைகழுவுகிற இடத்தில் துடைப்பத்தோடு நின்றாள். அது அவள் சாமி இல்லை, எப்போதும் அந்த எல்லையோடு சரி. பெண்கள் அவர்கள் பாஷையில் பாடத் தொடங்கினார்கள். மேகலா கம்பெனிக் குரூப்பில் போடுவதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரை.

அஸ்ரிதா குடிலின் முன்னால் மண்டியிட்டாள். கைக்குட்டையைப் பிரித்தாள். பொம்மையை இரண்டு கையாலும் ஏந்தி வைக்கோலுக்கு மேலே கொண்டுபோனாள். அங்கேயே நின்றுவிட்டது கை. பாட்டு முடிந்தது. கை இறங்கவில்லை. முதலிலிருந்து மறுபடி பாடினார்கள். அதுவும் முடிந்தது. பாவம், ரொம்பப் பக்தி என்று நினைத்துப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"வைம்மா, வீடியோ ஓடுது" என்றாள் மேகலா.

மாதேஸ்வரிக்குத் துடைப்பம் கையில் இருப்பதுகூட நினைவில்லை. பெண்களை விலக்கிக்கொண்டு நேராகப் போய் அஸ்ரிதாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அஸ்ரிதா திரும்பிப் பார்க்கவில்லை. "மண்ணு சில்லுன்னு இருக்கும் அக்கா" என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

மாதேஸ்வரி குடிலைச் சுற்றிக் கிடந்த வைக்கோலையெல்லாம் கையால் கூட்டி அள்ளினாள். நடுவில் இருந்த பள்ளத்தில் போட்டு, தட்டி, இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டு மெத்தென்று ஆக்கினாள். "இப்ப வை" என்றாள்.

அஸ்ரிதா வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்காமல் பொம்மையின் வயிற்றில் அப்படியே வைத்திருந்தாள். இன்னொரு கை மாதேஸ்வரியின் புடவைத் தலைப்பைத் தேடிப் பிடித்தது. "போயிடாத அக்கா."

"எங்கடி போறேன்? இங்கதான் கீறேன்."

பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி மெழுகுவத்தியை ஏற்றினாள். "மாதேஸ்வரியக்கா, கொஞ்சம் நகருங்க, துடைப்பத்தோட வீடியோல விழறீங்க" என்றாள் மேகலா.

மாதேஸ்வரி நகரவில்லை.