வலது பக்கத்து ஆள்

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு மாடி உயரப் பலகையில், அவள் கணவன் இரண்டு முறை நின்றிருந்தான். இடது பக்கம் அவன் அவனாகவே இருந்தான்: கட்டம் போட்ட சட்டை, பிதுங்கும் பொத்தான்கள், இடத்தை அடைத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்கிற சிரிப்பு. வலது பக்கம் அதே சட்டையில் ஒல்லியாக ஒருவன். அவனுக்குக் கழுத்து இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்திராத கழுத்து. நடுவில் அம்புக்குறி. மேலே, ‘புதிய பிறவி எடுங்கள்’.

இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை வெற்றி என்றுதான் மருத்துவமனை அறிவித்தது. அதே வாரம் தையல் கசிந்து அவன் போய்ச் சேர்ந்தது அவர்கள் கணக்கில் வேறு விஷயம்.

அவளாவது தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். மகளால் முடியவில்லை. “இளைச்சுட்டு வரேன்டா குட்டி” என்று சொல்லிவிட்டுப் போனவர், இளைத்த பிறகும் ஏன் வரவில்லை என்று ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் கேட்டாள். அப்பா செத்துட்டாரும்மா என்றால், செத்தது குண்டு அப்பாதானே என்றாள்.

பலகையை எடுக்கச் சொல்ல அவள் மருத்துவமனைக்குப் போனாள். அங்கே விளம்பர அதிகாரிக்குத் துக்கம் விசாரிப்பதில் நல்ல பயிற்சி இருந்தது. தண்ணீர் வரவழைத்தார், கண்ணாடியைக் கழற்றினார், குரலைத் தாழ்த்தினார். ஒல்லி உருவம் கம்ப்யூட்டரில் செய்தது என்றும், சார் இருந்திருந்தால் அச்சு அசல் இப்படித்தான் ஆகியிருப்பார் என்றும் சற்றுப் பெருமையாகவே சொன்னார். பிறகு சட்டப் பிரிவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

“உங்க வீட்டுக்காரர நாளைக்கே எடுத்துடறோம்மா.”

மறுநாள் காலை ஏணியில் இருவர் நின்று, அம்புக்குறியை ஒட்டிக் கத்தியால் கீறி, இடது பக்கத்து ஃப்ளெக்ஸைச் சுருட்டி இறக்கினார்கள். ஏணியையும் மடக்கினார்கள். அவள் அதிகாரிக்குப் போன் செய்தாள்.

“இன்னொருத்தர்?”

“அது யாருமே இல்லையேம்மா. யார் கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்லன்னு சொல்லிட்டாங்க.”

மகள் அம்மாவின் கையை இழுத்தாள்.

“குண்டு அப்பாவ எடுத்துட்டாங்க. அப்போ இவரு இன்னைக்கு வந்துடுவாரா?”

காற்று கிளம்பியது. அறுத்த ஓரம் படபடத்தது. உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. ஒல்லி மனிதனின் வயிறு முதலில் லேசாக உப்பியது. பிறகு மெல்ல மெல்ல, மூச்சு இழுப்பதுபோல், சாலைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. ஸ்கூல் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. இருவரும் அண்ணாந்தபடியே நின்றார்கள்.