கேயோதேஸ் பக்கத்து மண்

அகராதி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், பழைய கிரேக்கச் சொற்களுக்குப் பொருள் எழுதும் அறையில், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தரை ஓடுகளின் இடுக்கிலிருந்து மண் வரத் தொடங்கியது. கறுப்பு மண், லேசான ஈரம். பொருள் எழுதும் பொருள்காரரின் மேசைக்கு அன்று வந்திருந்த சொல் ‘கேயோதேஸ்’. ‘மண் போன்றது, மண் தன்மை உள்ளது’ என்று சீட்டில் எழுதினார்; மண் கணுக்கால் வரை ஏறியது. அடித்துவிட்டு வேறு விதமாக எழுதினார். இன்னும் இரண்டு விரற்கடை ஏறியது. பொறியாளர் வந்தார். கீழ்மாடிக் கூரையில் ஒரு கீறல்கூட இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டுக் காலணியைத் தட்டிக்கொண்டு போனார்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் பொருளை உரக்கப் படிக்க வேண்டும். எதிரே இருந்து கேட்பவர் ‘புரிந்தது’ என்று சொன்னால்தான் சீட்டு அச்சுக்குப் போகும். இருபத்தாறு வருடம் பொருள்காரருக்குக் கேட்பவராக இருந்தவர் அவருடைய மனைவி. ஒரு ‘புரிந்தது’ சொல்வதற்குள் மனுஷனுக்குத் தண்ணி காட்டிவிடுவார். அந்த அம்மாள் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் கையால் எடுத்துவைத்த கடைசிச் சொல் இது. இதைக் கேட்க வேறு யாரையும் உட்கார வைக்க மாட்டேன் என்று பொருள்காரர் பிடிவாதமாக இருந்தார். “ஐயா மண்ணைக் கவ்விட்டாரு” என்று கீழ்மாடியில் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் சொல்லையே நீக்கிவிடுவதாக மேலிடத்துக் கடிதம் வந்தது.

வெள்ளி மதியம் துப்புரவு வேலை செய்யும் அம்மாள் முழங்கால் மண்ணில் துடைப்பத்தோடு நின்றார்.

“அள்ள அள்ள வருது சார். அப்படி என்னதான் எழுதறீங்க?”

வாய் தவறியதுபோலப் பொருள்காரர் சீட்டைப் படித்துவிட்டார்.

“புரியல சார்.”

மூன்று மாதமாக அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

“எங்க வீட்டுக்காரரைப் புதைச்சிட்டு வந்தப்ப, நகத்துல இருந்த மண்ணு ஒரு வாரம் போகல. போகவும் நான் விடல. அதெல்லாம் இதுல இல்லையே?”

பொருள்காரர் அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு, ‘கையை விட்டுப் போகாதது’ என்று சேர்த்து எழுதி, முதலிலிருந்து படித்தார்.

“இப்பப் புரியுது சார்.”

மண் நின்றது. ஆனால் இறங்கவில்லை.

அகராதி வெளிவந்தது. அந்தப் பக்கத்தைத் தொட்டவர்கள் விரலில் மண் ஒட்டியது. நூலகங்களில் பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்கள். யாரும் புகார் சொல்லவில்லை. ஓய்வு பெற்றபின் பொருள்காரர் வாரம் ஒருமுறை போய், அந்தப் பக்கத்தின்மேல் வலது கையை வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கிளம்பும்போது நூலகர் கிண்ணத்தை நீட்டுவார். “வேணாம்மா” என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய், பூட்டை இடது கையால் திறப்பார்.