இரண்டு தீக்குச்சி

கலந்தர் நாவுலைக்கும் மாத்தளைக்கும் இடையில் பஸ் ஓட்டுபவர். பதினோரு வருடமாக ஸ்டியரிங் பிடித்த கை, ஆனால் ஒரு நாளும் அடுப்புப் பற்ற வைத்ததில்லை. வீட்டில் அது அவர் மனைவி நாச்சியாவின் வேலை.

மகன் யாகூப்புக்கு ஒன்பது வயது, பள்ளிச் சாரணர் படையின் சிறுவர் பிரிவில் குருளைச் சாரணன். போன வருடம் தகப்பன்மாரும் பிள்ளைகளும் சேர்ந்து போன பயணத்துக்கு, டியூட்டி இருக்கிறது என்று கலந்தர் போகவில்லை. யாகூப் வேறொரு பையனின் தகப்பனோடு போய்வந்தான். வந்து அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது கலந்தரை வருடம் முழுக்க உறுத்தியது. இந்த வருடம் பள்ளியிலிருந்து கடிதம் வந்த அன்றே லீவு எழுதிக் கொடுத்தார்.

ரிவர்ஸ்டன் மேட்டில், தேயிலை ஓரமாக, தகப்பனும் மகனும் சோறு சமைக்க வேண்டும். ஒரு சோடிக்கு இரண்டே தீக்குச்சி. சமைத்து முடிக்கிற பையனுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம்.

அன்று விடியற்காலையில் தூறியிருந்தது. மேட்டில் மூடுபனி வேறு. கலந்தர் தரையில் கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கிக் குவித்து, அடியில் காகிதம் செருகி, முதல் தீக்குச்சியைக் கிழித்தார். காகிதம் எரிந்து, புகைந்து, அணைந்துபோயிற்று.

பக்கத்து அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அது இன்னொரு பையனின் தகப்பனான ரத்தோட்டைத் தோட்டத்துப் பழனிமுத்துவின் அடுப்பு. அவர் எரிகிற கட்டை ஒன்றை எடுத்து, அண்ணன் முறைக்கு 'நானா' என்று கூப்பிட்டு நீட்டினார்.

"இந்தாங்க நானா. யாரு பாக்கப் போறா."

கலந்தரின் கை நீண்டது. யாகூப் தலையை ஆட்டினான்.

"வேணாம் வாப்பா. நம்ம நெருப்பு இல்லையே அது."

கலந்தர் கையை இழுத்துக்கொண்டார். "அப்ப எப்பிடிப் பத்த வைக்கிறதுன்னு சொல்லிக் குடுங்கண்ணே."

யாகூப் ஓடிப்போய் சாரண ஆசிரியர் பதுர்தீனிடம் கேட்டு வந்தான். "எப்பிடின்னு கேக்கலாமாம் வாப்பா. நெருப்பு வாங்கத்தான் கூடாதாம்."

"தரையில கெடக்கறத எடுக்காதீங்க, ஈரம்," என்றார் பழனிமுத்து. "மரத்துலயே காஞ்சு நிக்கிற குச்சியா ஒடிங்க. பட்டைய உரிச்சுட்டு உள்ளுக்க இருக்கறத மெலிசா சீவுங்க."

மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து, பள்ளத்தாக்கைப் பார்க்க மேலே ஏறிப் போய்விட்டார்கள். தகப்பனும் மகனும் மட்டும் சவுக்கு மரங்களில் குச்சி ஒடித்தபடி நின்றார்கள். கலந்தரின் பேனாக்கத்தி விரலில் பட்டு இரத்தம் வந்தது. துணி சுற்றிக்கொண்டு மறுபடி சீவினார். ஒரு மணி நேரத்தில் இரண்டு கை நிறையச் சீவல் சேர்ந்தது.

இரண்டாவது தீக்குச்சியை எடுத்தபோதுதான், தன் கை ஈரமாக இருப்பதைக் கலந்தர் கவனித்தார். தவறினால் வேறு குச்சி இல்லை. யாகூப் காற்சட்டைப் பைக்குள் கைவிட்டுச் சூடாக்கிக்கொண்டு நின்றான்.

"நீ பத்த வை மகன்."

"நானா?"

"ஓம். ஒன் கை காஞ்சிருக்கு."

கலந்தர் கோட்டைக் கழற்றிக் காற்றுக்கு மறைவாக விரித்துப் பிடித்தார். யாகூப் மண்டியிட்டு, மூச்சை அடக்கிக் குச்சியைக் கிழித்தான். சீவலின் நுனி சிவந்தது. பிறகு சுருண்டது. பிறகு பிடித்துக்கொண்டது. இருவரும் ஒவ்வொரு குச்சியாக வைத்தார்கள்.

எல்லாரும் இறங்கி வந்தபோது சோறு அடியில் தீய்ந்தும் மேலே அரை வேக்காடாகவும் இருந்தது. பதுர்தீன் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு, வெகுநேரம் மென்றார்.

"சோறுதான்," என்று சொல்லி, சின்னம் கொடுப்பதற்கான பையனின் அட்டையில் கையெழுத்துப் போட்டார்.

யாகூப் முதல் கவளத்தை விழுங்கிவிட்டுத் தகப்பனைப் பார்த்தான். "உப்புப் போடல்ல வாப்பா."

"தெரியும். சாப்பிடு," என்றார் கலந்தர். சட்டி காலியாகும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.