பட்டும் படாமலும்

கணவர் பரணிலிருந்து அந்தப் பழைய ஏர்கன்னை இறக்கித் தையல் மெஷின் மேல் வைத்தபோது அவள் ஒரு ரவிக்கைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். ஊசி துணிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடு. ஒரு குண்டு கிழக்கே போகுது, ஒண்ணு மேற்கே போகுது."

"இது எதுக்குங்க இப்ப?"

"எதுக்குன்னா? சும்மா கிடக்குதேன்னுதான்."

அந்த 'சும்மா'வைக் கேட்டதும் அவள் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். கத்துகிற மனிதரைக் கண்டு அவளுக்குப் பயமில்லை. கத்தினால் ஓய்ந்துவிடும், பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்பார். கத்தாமல் சிரித்துவிட்டுப் போனால்தான் பயம். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். அவள் அண்ணன் பழக்கடை வைத்த புதிதில், உறவுக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்த இடத்தில், "எங்க மாப்பிள்ளைக்கு எழுத்து அழகா வரும், என்ன எழுதினோம்னுதான் தெரியாது" என்று கேலி பேசினான். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பிறகு அவராகவே போய் மைத்துனர் கடைக்குப் பலகை எழுதி, ஏணி வைத்து மாட்டியும் கொடுத்தார். மறுநாள் தெருவே அந்தக் கடை முன்னால் நின்றது. 'ழ'வின் தலையில் ஒரு சின்னச் சுழி ஏறியிருந்தது. பழக்கடை பழிக்கடை ஆகியிருந்தது.

"கை தவறிப்போச்சு மச்சான்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். அண்ணன் அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

இப்போது அந்தச் சிரிப்பு மறுபடியும் வந்திருந்தது. எதிர்வீட்டு மாடியில் புறா வளர்ப்பவரைத் தெருவில் எல்லாரும் புறாக்காரர் என்றுதான் சொல்வார்கள். மனைவி இல்லாதவர். அவருடைய மகளை வீட்டிலும் வெளியிலும் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். அவ்வளவு சின்ன உருண்டை. அவருடைய புறாக்களில் ஒன்று, இவர் ஆஸ்பத்திரிக்காக எழுதித் தன் மாடியில் காயவைத்திருந்த பலகையில் எச்சம் இட்டுவிட்டது. இவர் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டே கேட்கப் போனார். தெரு டீக்கடையில் நின்றிருந்த புறாக்காரர் பலகையைத் தலை சாய்த்துப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க புள்ளி வைக்க மறந்த எழுத்துக்கு என் புறா வெச்சுக் குடுத்திருக்கு. இதுக்குப் போய் கோவிச்சுக்கிறீங்களே!"

டீக்கடையே சிரித்தது. உண்மையிலேயே ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதுதான் இன்னும் மோசம். அவரும் சிரித்தார். அவள் ஜன்னல் வழியாக அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். உதடு மட்டும் விரிந்து, கண் அப்படியே புறாக்காரர் முகத்தில் நின்றது.

இப்போது துப்பாக்கி மெஷின் மேல் கிடக்கிறது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு முடியும் என்பது அவருக்குத் தெரியும். பொருட்காட்சிகளில் பலூன் சுடும் கடை போட்டவரின் மகள் அவள். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் போய் உட்கார்ந்த இடம் அந்தத் துப்பாக்கிகளுக்கு நடுவில்தான். குறியை எப்படிச் சரிசெய்வது என்பதும் தெரியும், வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வராமல் எப்படிக் கெடுப்பது என்பதும் தெரியும்.

"நான் பண்ணலைன்னா?"

"பண்ணாட்டி என்ன, இப்படியே வெச்சுக்கிறேன். எங்கே படுதோ படட்டும்."

அதுதான் அவளை ஸ்குருடிரைவரை எடுக்க வைத்தது. கோணல் துப்பாக்கி யாரைக் குறிபார்க்கவில்லையோ அவரையும் சுடும். நேரான துப்பாக்கி குறிபார்த்தவரை மட்டும் சுடும். இரண்டில் எது குறைந்த பாவம் என்று யாரிடம் போய்க் கேட்பது? கோணல் துப்பாக்கி அவர் கையில் இருந்தால், 'கை தவறிப்போச்சு' என்ற வார்த்தையும் கூடவே தயாராக இருக்கும்.

அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் குழலை மடக்கிப் பார்த்தாள். மடங்குகிற இடத்து போல்ட் ஆடியது. மரக்கட்டையை இரும்போடு சேர்க்கும் ஸ்குருக்கள் விரலால் திருகினாலே சுற்றின. குழல் வாயில் காற்று கசியாமல் இருக்க வைத்திருக்கும் தோல் வாஷர் அப்பளமாக நசுங்கிப்போயிருந்தது. உள்ளே கருகிய எண்ணெய் நாற்றம்.

"இதுக்குள்ள என்னத்தை ஊத்தினீங்க?"

"உன் மெஷின் எண்ணெய்தான். காஞ்சிருக்கேன்னு ஒரு டப்பா ஊத்தினேன்."

"ஒரு டப்பாவா! சுடும்போது உள்ளேயே தீப்பிடிச்சிருக்கும்."

"ஆமா, சுட்டா புகை வந்துச்சு. சரி, நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், இது நிஜமான சிரிப்பு. இந்த மனிதரோடுதானே இத்தனை காலம் குடும்பம் நடத்தினேன், இவரைப் போய்ச் சந்தேகப்படுகிறேனே என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, அப்படித் தோன்றியதற்காகவும் பயந்தாள்.

எண்ணெயைத் துணி விட்டுத் துடைத்தாள். பழைய செருப்பு வாரிலிருந்து வட்டமாகத் தோல் வெட்டி, நனைத்து, வாஷராக அழுத்தி வைத்தாள். போல்ட்டை இறுக்கினாள். கட்டை ஸ்குருக்களில் ஒன்றை மட்டும் அரைச் சுற்று தளர்த்தியே விட்டுவிட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தாள். ஆனால் வேலை ஏற ஏற அவள் கைக்கு ஒரு வெறி வந்தது. பொருந்தாமல் இருப்பதைப் பொருத்துகிற சுகம். ரவிக்கையில் கை ஒட்டும்போது சுருக்கம் விழாமல் வந்துவிட்டால் வருமே, அதே சுகம். கடைசி ஸ்குருவையும் அவள் கை முழுசாக இறுக்கி முடித்த பிறகுதான் மனசு விழித்தது. மறுபடி தளர்த்த ஸ்குருடிரைவரை வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்ததைத் துடைப்பது போல எடுத்துவிட்டாள்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. குழலை மடக்கி வெச்சிருக்கும்போது ட்ரிக்கர் பக்கம் கையே போகக் கூடாது. பட்டுனு மூடிக்கும். எங்கப்பாவுக்கு நடுவிரல் நுனி போனது அப்படித்தான்."

"மாமனாருக்கு விரல் நுனிதான் போச்சு. அவர் பொண்ணைக் கட்டினதுல எனக்கு மொத்தமும் போச்சு."

கொல்லைச் சந்தில், ஒரு அட்டையில் அவர் பிரஷ்ஷால் சிவப்புப் பொட்டு வைத்துச் சுவரில் சாய்த்தார். அவள் மடித்த துண்டின் மேல் துப்பாக்கியைக் கிடத்தி, இடது உள்ளங்கையை விரித்து அடியில் கொடுத்து, கன்னத்தை லேசாக ஒட்டி, சுட்டாள். பொட்டு. மறுபடி. அதே துளை. இன்னொரு தடவை. துளை கொஞ்சம் அகலமானது, அவ்வளவுதான். அவளுடைய முதுகுத்தண்டில் ஒரு குளிர் ஏறியது. அதில் பாதி பயம். மீதி என்ன என்று அவள் பார்க்க விரும்பவில்லை.

"அடி என் ராசாத்தி!" என்று அவர் வாங்கிக்கொண்டார். தோளில் புதைத்து, கட்டையை நெரிப்பது போலப் பிடித்துச் சுட்டார். குண்டு அட்டைக்கு மேலே சுவரில் பட்டுக் காரை தெறித்தது. மறுபடி சுட்டார். இன்னும் மேலே.

"என்னடி இது, உன் பேச்சை மட்டும் கேக்குது?"

காரணம் அவளுக்குத் தெரியும். ஸ்பிரிங் துப்பாக்கி குண்டு வெளியே போவதற்கு முன்பே துள்ளிவிடும். துள்ள விட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி துள்ளும். நெரித்தால் திமிறும். பலூன் கடையில் அவள் பார்த்திருக்கிறாள்: வீறாப்பாக வந்து இறுக்கிப் பிடிக்கிற ஆம்பிளைகள் எல்லாரும் தோற்றுப்போவார்கள், கூச்சத்தோடு தொடுகிற பெண்கள் பலூனை உடைத்துவிட்டு அவர்களே அலறுவார்கள். அதைப் பட்டும் படாமலும் பிடிக்க வேண்டும். அவள் இந்த வீட்டில் இருப்பது போல.

பிரஷ்ஷைப் பிடிப்பது போலப் பிடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்குப் புரிந்துவிடும். அவள் சொல்லவில்லை.

"பழகணும்" என்றாள். அந்தப் பொய்யால் எல்லாவற்றையும் தடுத்துவிட்டதாக நினைத்து அன்று நன்றாகத் தூங்கினாள்.

காலையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. குழலை மடக்கும்போது ஸ்பிரிங் ஏறி மாட்டிக்கொள்கிற 'கடக்'. ஈரக் கையோடு படியேறி ஓடினாள்.

அவர் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் முட்டி போட்டிருந்தார். தெருவைத் தாண்டி எதிர் மாடியில் புறாக்காரர் குனிந்து கூண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார், முதுகு இந்தப் பக்கம். கூண்டின் மேல் புறாக்கள். அவற்றுக்கு நேர் மேலே, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், பட்டாணி காலை ஆட்டிக்கொண்டு தானியம் இறைத்துக்கொண்டிருந்தாள்.

மேலே.

அவர் பிடியில் குண்டு மேலேதான் போகும். நேற்றுச் சுவரில் தெறித்த காரை அவள் கண்ணுக்குள் மறுபடி தெறித்தது. புறாவைக் குறிபார்த்தால் குழந்தை. இப்போது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் குழந்தை தப்பிக்கும், குறிபார்த்தது விழும். ஆனால் அவர் எதைக் குறிபார்க்கப் போகிறார்?

"எதைங்க சுடப் போறீங்க?"

அவர் திரும்பவில்லை. மடங்கிக் கிடந்த குழலின் வாயில் ஈயக்குண்டை வைத்து அழுத்தினார். "புறாவைத்தான். வேற எதை?"

அவர் பார்வை போகிற கோட்டை அவள் பார்த்தாள். கூண்டின் மேல் தட்டில் அது நிற்கவில்லை. கொஞ்சம் கீழே, குனிந்த முதுகின் மேல் ஊர்ந்தது, திரும்பப் புறாவுக்கு வந்தது, மறுபடி இறங்கியது. ஆள்காட்டி விரல் நேற்றுச் சொன்னதையெல்லாம் மறந்து விசையின் மேல் உட்கார்ந்திருந்தது.

அவள் யோசித்துச் செய்யவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, குழல் வந்து மூட வேண்டிய இடைவெளிக்குள் வலது கை விரல்களை வைத்தாள். ஊசிக்கு அடியில் துணி தள்ளுகிற விரல்கள். இரும்பு சில்லென்றிருந்தது.

"ஏய்! என்ன பண்றே! எடு கையை!"

"நீங்க விரலை எடுங்க."

"பைத்தியமா உனக்கு? நான் லேசா அசைஞ்சாலே போச்சு!"

"தெரியும்."

அவர் முகம் வெளுத்தது. அந்த விரல் விசையிலிருந்து ஒரு நூல் கூட நகரப் பயந்து அப்படியே நின்றது. இந்த விரல்கள் போனால் மெஷின் போச்சு, தையல் போச்சு. ஆனால் எடுத்தால்?

"புறாவைத்தான்டி" என்றார், குரல் உடைந்து. "சத்தியமா."

"நீங்க எதைப் பாத்தீங்கன்னு நான் பாத்தேங்க."

அவர் எதிர் மாடியைப் பார்த்தார். புறாக்காரர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சுரண்டினார்.

"எனக்கே தெரியலை" என்றார் மெதுவாக. "எதைச் சுட வந்தேன்னு எனக்கே தெரியலை."

அதுவரை பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போது தெரிந்தது அவளுக்கு. அவருக்குத் தெரிந்து அவள் அறியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். அங்கே ஒன்றுமே இல்லை, அவருக்கும் இருட்டுதான்.

விரல் விசையை விட்டு வெளியே வந்தது. அவள் தன் கையை உருவிக்கொண்டு, குழல் வாயிலிருந்த குண்டை நகத்தால் நோண்டி எடுத்து இடுப்பில் செருகினாள். ஆனால் உள்ளே ஸ்பிரிங் இன்னும் ஏறியே இருந்தது. யாராவது எப்போதாவது தொட்டால் அது பாயும். அதை இறக்க இரண்டு பேர் வேண்டும்.

இரண்டு கையாலும் குழலைப் பற்றிக் கடைசி வரை மடக்கினாள்.

"இப்ப ட்ரிக்கரை அழுத்துங்க."

"நீ பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

"நழுவிட்டா?"

"அழுத்துங்க. மெதுவா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். ஸ்பிரிங்கின் மொத்த பலமும் அவள் தோளில் வந்து இடித்தது. இந்தப் பிடியில் பட்டும் படாமலும் கிடையாது. பல்லைக் கடித்து, உடம்பு முழுவதையும் போட்டு, அங்குலம் அங்குலமாகக் குழலை மேலே விட்டாள். இரும்பு முனகியது.

"அத்தை!" எதிர் மாடியிலிருந்து பட்டாணி கூப்பிட்டாள். "நீங்களும் மாமாவும் என்ன பண்றீங்க?"

பதில் சொல்ல அவளிடம் மூச்சில்லை. அவர்தான் கண்ணைத் திறந்து, குழந்தையை, தொட்டியின் விளிம்பில் ஆடுகிற அந்தக் காலை, அப்போதுதான் பார்த்தார்.

"அங்கே... அங்கேயா உக்காந்திருந்தா?" என்றார்.

அவள் தலையை மட்டும் அசைத்தாள். குழல் 'க்ளிக்' என்று மூடி, உள்ளே ஸ்பிரிங் அடங்கிப்போனது. அவர் எப்போதோ கையை எடுத்துவிட்டிருந்தார். அவளால் மட்டும் பிடியை விட முடியவில்லை.