மாமனாரின் கடைவாய்ப் பல்

அந்த ஊரில் பேர் வாங்கியவர்கள் எல்லோரும் தொண்ணூற்றாறு வயது முடிகிற அன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார்கள். மற்றவர்கள் வழக்கம்போல எல்லா வயதிலும் செத்தார்கள். நீதிபதி தொண்ணூற்று நாலில் மொட்டை மாடியிலிருந்து விழுந்து, எழுந்து, கோட்டைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நாள் வந்த பிறகுதான் போனார். நீச்சல்கார அம்மாள் ஒரு பகல் முழுக்க ஆற்றுக்கு அடியில் கிடந்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் கரையேறித் துண்டு கேட்டார், அவரும் தொண்ணூற்றாறில்தான். சினிமாக் கொட்டகை முதலாளியின் முறை வந்தபோது பத்திரிகை அலுவலகத்தில் இரங்கல் செய்தியை முந்தின நாளே அச்சுக் கோத்து வைத்திருந்தார்கள். தேதியில் பிழை இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? முதலில் தண்ணீரைச் சந்தேகித்தது. அதை எல்லோரும்தான் குடித்தார்கள். பிறகு மருந்துக் கடைக்காரரை முறைத்தது. கொட்டகை முதலாளியோ வாழ்நாளில் ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. கடைசியில் யாருக்கோ மூன்று பேரின் வாயும் ஞாபகம் வந்தது. மூவருக்கும் பல்செட் கட்டியவர் கடைத்தெருப் பல் டாக்டர். பல்லுக்குள் எதையோ வைத்து அனுப்புகிறான் என்று பேச்சு கிளம்பியது. எதற்காக வைக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் எதிரில் வந்தால் ஆட்கள் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்கள். டாக்டர் ஈ ஓட்டினார்.

அவருக்கு இருந்த ஒரே சாட்சி மாமனார். சதுரங்கத்தில் நாடு நாடாகப் போய் ஜெயித்து வந்தவர். பேர் வாங்கியவர் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. தொண்ணூற்றாறை நெருங்கியும் முப்பத்திரண்டும் சொந்தப் பற்கள். மருமகனின் கை அந்த வாய்க்குள் போனதே இல்லை. அவரும் அதே நாளில் போனால் டாக்டர் மேல் பழி இல்லை. போகாமல் உட்கார்ந்திருந்தால் டாக்டர்தான் கொலைகாரர். ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் வந்து, டார்ச் அடித்துப் பற்களை எண்ணிவிட்டுப் போனார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவள் டாக்டரின் மனைவி. அப்பா இருக்க வேண்டும் என்று வேண்டினால் புருஷன் கெட்டார். புருஷன் தப்ப வேண்டும் என்றால் அப்பா போனார். அவள் எதையும் வேண்டாமல் பாத்திரங்களை அழுத்தித் தேய்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கிழவருக்குக் கடைவாய்ப் பல் வலி பிடித்தது. கன்னம் பன் ரொட்டியாக வீங்கியது.

"கை வெக்காதீங்க மாப்பிள்ளை. வெளியூர்ல புடுங்கினாலும் உங்க தலையிலதான் விடியும். கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கறேன்."

டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் கிழவர் கண்ணீர் விட்டார். பிறந்த நாளுக்கு முந்தின காலை டாக்டர் எழுந்துபோய்ப் பல் பிடுங்கும் குறட்டைக் கொதிநீரில் போட்டார்.

"ஊரு கெடக்கட்டும் மாமா. வாயத் திறங்க."

மனைவி தடுக்கவில்லை. விளக்கை அவளே பிடித்தாள்.

மறுநாள் கிழவர் வயிறாரச் சாப்பிட்டார். "மென்னு சாப்பிட்டு எத்தனை நாளாச்சும்மா" என்று மகளிடம் சொன்னார். நாற்காலியில் சாய்ந்தார், போய்விட்டார். மகள் அவர் கன்னத்தில் முகம் வைத்து அழுதாள். வீக்கம் வற்றியிருந்தது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். பெரிய மனிதர்கள் டார்ச்சோடு வந்தார்கள். முப்பத்தொன்று. மருமகன் கை பட்டுவிட்டது என்று நேராகப் போலீசுக்குப் போனார்கள்.

சொத்தைப் பல்லைப் பிடுங்கியது குற்றமாகாது என்று போலீஸ் கையை விரித்தது. ஊர் விடவில்லை, பெயர்ப் பலகையில் தார் பூசியது. ஆனால் அடுத்த வாரமே பின்வாசலில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவன் கை பட்டால் தொண்ணூற்றாறு வரை கவலையில்லை என்று யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். பேர் வாங்காத சாதாரண ஜனங்கள், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, நல்ல பல்லையே பிடுங்கச் சொன்னார்கள். என் கையில் எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னால் கண்ணடித்தார்கள். பிடுங்கிக்கொண்டவர்கள் வண்டியில் அடிபட்டும் எழுந்தார்கள், காய்ச்சலில் வெந்தும் எழுந்தார்கள். வயதானவர்கள் ஒவ்வொருவராக, நாள் வந்ததும், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் போனார்கள். இருந்தும் தெருவில் ஒருவரும் டாக்டரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பத்து வருடம் கழித்து மனைவிக்கு நுரையீரல் கெட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இந்த மழைக்காலம் தாண்டாது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் இருமிக்கொண்டே நேராக அவருடைய பல் வைத்திய நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

டாக்டர் ஓரடி பின்வாங்கினார். "நீயுமா என்னைச் சந்தேகப்படறே?"

"அப்பா போன அன்னிலேருந்து," என்றாள். "எடுங்க."

அவர் கைகளைக் கழுவிக்கொண்டு வந்தார். விளக்கைப் பிடிக்க ஆள் இல்லாததால் ஜன்னலை அகலமாகத் திறந்து வைத்தார். அன்று மாலையே இருமல் நின்றது. அவளுக்கு அப்போது வயது அறுபது.